பேறுகாலம் பார்க்கப் போகும் ஆயாவுக்கு எந்த விசா?

காரைக்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு ஆச்சி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

வயது 63. அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். மாதம் பிறந்தால் பென்ஷன் வந்துவிடும். ஒரே மகள், கல்யாணமாகி இங்கிலாந்தில் இருக்கிறார். மாப்பிள்ளை அங்கே வேலை விசாவில் இருக்கிறார். மார்ச் நடுவில் பிரசவம் என்று தேதி கொடுத்திருக்கிறார்கள். "தலைப்பிரசவத்தை நம் வீட்டில் வைத்துப் பார்க்கத்தான் கொடுத்துவைக்கவில்லை. நானாவது அங்கே போய் எட்டு மாதம் இருந்து, பிள்ளை கொஞ்சம் முகம் பார்த்துச் சிரிக்கிறவரை வளர்த்துக் கொடுத்துவிட்டு வரலாம் என்று பார்க்கிறேன்" என்கிறார். கணவருக்கு முழங்கால் வலி, அவர் ஊரிலேயே இருப்பார்.

விசாரிக்கப் போன இடத்தில் ஒரு ஏஜென்ட் இவரை நன்றாகக் குழப்பிவிட்டிருக்கிறார். டூரிஸ்ட் விசாதான் சுலபம், மகள் அங்கே இருப்பதைச் சொல்லவே வேண்டாம், ஓட்டல் புக்கிங் நாங்களே காட்டிவிடுவோம் என்றாராம். 2018-ல் அமெரிக்க விசா மறுக்கப்பட்டதையும் எழுத வேண்டாமாம். கணக்கில் எட்டு லட்சம் ரூபாயாவது இருக்க வேண்டும், யாரிடமாவது வாங்கிப் பத்து நாள் போட்டு வையுங்கள் என்றும் சொல்லியிருக்கிறார். இதற்கு நடுவில் ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கும் கல் (டைல்ஸ்) பட்டறை வைத்திருக்கும் தம்பி, "அங்கே ஒரு ஆர்க்கிடெக்ட் நம் கல்லைப் பார்க்கணும் என்கிறார், நாலு மாதிரி எடுத்துட்டுப் போங்கக்கா" என்கிறார். அதற்கு பிசினஸ் விசா வேண்டுமோ என்று ஒரு கவலை. மகளோ, மே மாதம் பாரிஸுக்கு மூன்று நாள் கூட்டிப் போவதாகச் சொல்லியிருக்கிறாள். "எங்க ஐயா ஒரு காகிதமும் இல்லாமல் ரங்கூனுக்குப் போய்க் கடை வைத்தவர். எனக்கு ஏன் இத்தனை பாடு?" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

ஆச்சி, கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில். உங்கள் ஐயா கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வணிகம் செய்யப் போன காலத்தில், 1937 வரை, பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். சட்டப்படி பார்த்தால் அவர் போனது உள்நாட்டுப் பயணம். நீங்கள் போவது அப்படியில்லை, அதனால்தான் இந்தப் பாடு.

அடுத்தது, உங்களைத் தூங்கவிடாமல் வைத்திருக்கும் கேள்வி: டூரிஸ்டா, ஃபேமிலியா, பிசினஸா? பிரிட்டனுக்கு இந்த மூன்றும் இப்போது தனித்தனியாக இல்லை. முன்பு இருந்தன. 2015 ஏப்ரலில் எல்லாவற்றையும் சேர்த்து 'ஸ்டாண்டர்ட் விசிட்டர்' என்று ஒரே விசாவாக ஆக்கிவிட்டார்கள். ஊர் சுற்றிப் பார்க்கவும், பிள்ளைகளோடு தங்கவும், வியாபாரப் பேச்சுக்கும் அது ஒன்றேதான். மகளைப் பார்ப்பது, பேரப்பிள்ளையைக் கொஞ்சுவது, தம்பியின் கல்லைக் காட்டுவது எல்லாம் அதற்குள் அடங்கும். ஏஜென்ட் உங்களுக்கு 'டூரிஸ்ட்' என்று ஒரு விசாவைத் தேர்ந்து கொடுக்கவில்லை. விண்ணப்பத்தில் 'எதற்காகப் போகிறீர்கள்' என்று ஒரு கேள்வி வரும். அதற்கு ஒரு பொய்யைத் தேர்ந்து கொடுத்திருக்கிறார்.

மகளை மறைக்க வேண்டாம்

பிரிட்டனில் உறவினர் யாராவது இருக்கிறார்களா என்று விண்ணப்பத்திலேயே நேராகக் கேட்பார்கள். 'இல்லை' என்று எழுதினால் என்ன ஆகும்? உங்கள் மகள் அங்கே போகும்போது கொடுத்த விண்ணப்பத்தில் தாய் பெயர் என்ற இடத்தில் உங்கள் பெயரும் பிறந்த தேதியும் இருக்கின்றன. அது அவர்களிடமே இருக்கும் காகிதம். பொய் சொன்னதாகத் தீர்மானித்துவிட்டால் இந்த விண்ணப்பம் போவதோடு நிற்காது, அதற்குப் பிறகு பத்து வருடம் வரை நீங்கள் போட்டதெல்லாம் மறுக்கப்படலாம். மகள் வயிற்றில் இருக்கிற பிள்ளை ஐந்தாம் வகுப்புக்குப் போயிருக்கும். ஏஜென்ட் அப்போது வேறு தொழிலுக்குப் போயிருப்பார்.

அமெரிக்க மறுப்பும் அப்படித்தான். எந்த நாடு மறுத்திருந்தாலும் சொல்ல வேண்டும் என்று படிவம் கேட்கிறது. பிரிட்டனும் அமெரிக்காவும் குடிவரவு விவரங்களைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்கிற நாடுகள். ஆனால் நீங்கள் பயப்படுகிற அளவுக்கு அது கரும்புள்ளி இல்லை. உங்களுக்கு அன்றைக்குக் கொடுத்த தாளில் 214(பி) என்று போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அமெரிக்கச் சட்டம், வருகிற ஒவ்வொருவரும் அங்கேயே தங்கிவிடத்தான் வருகிறார் என்று எடுத்துக்கொண்டு, 'இல்லை, திரும்பிவிடுவேன்' என்று நிரூபிக்கும் பொறுப்பை நம் தலையில் வைக்கிறது. அன்றைக்கு அந்த அதிகாரிக்குத் திருப்தி இல்லை, அவ்வளவுதான். தடை ஒன்றும் விதிக்கவில்லை. வருடம், என்ன விசா, என்ன காரணம் என்று மூன்று வரி எழுதுங்கள். அதற்குமேல் விளக்கவுரை வேண்டாம்.

ஐந்தொகையில் ஒட்டாத எட்டு லட்சம்

இத்தனை ரூபாய் இருந்தால்தான் விசா என்று பிரிட்டன் எந்தத் தொகையையும் குறித்து வைக்கவில்லை. போகவர, அங்கே இருக்க உங்களுக்கு என்ன செலவாகும், அது எங்கிருந்து வரும் என்பதைத்தான் பார்க்கிறார்கள். அதற்கு ஆறு மாத வங்கிக் கணக்கைப் புரட்டுவார்கள். மாதம் ஒரு தேதியில் பென்ஷன் வந்து, மளிகை, மருந்து, கரண்ட் பில் என்று போய்க்கொண்டிருக்கும் கணக்கில் திடீரென்று எட்டு லட்சம் வந்து உட்கார்ந்தால், பார்க்கிறவருக்கு முதலில் கண்ணில் படுவது அதுதான். பேரேட்டில் ஒரு பைசா பிசகினால் ராத்திரி விளக்கேற்றி ஐந்தொகையை, அதாவது வரவுசெலவு இருப்புக் கணக்கைத் திரும்பப் போட்ட ஊர்க்காரருக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. இப்படிக் கடன் வாங்கிப் போட்டு, அந்த ஒரு வரியாலேயே விசா போன ஒரு பெரியவரை எனக்குத் தெரியும். அவருக்குச் சொந்தப் பணமே போதுமாக இருந்தது என்பதுதான் வருத்தம்.

உங்களிடம் இருப்பதைக் காட்டுங்கள். பென்ஷன் உத்தரவு, பென்ஷன் வரவாகும் கணக்கு, உங்கள் பெயரிலும் கணவர் பெயரிலும் இருக்கும் வைப்புத்தொகை ரசீதுகள். மீதியை மகளும் மாப்பிள்ளையும் ஏற்கலாம், அதை விதி அனுமதிக்கிறது. அவர்களுடைய சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, அங்கே சட்டப்படி இருப்பதற்கான சான்று, வீட்டு வாடகை ஒப்பந்தம், கூடவே ஒரு கடிதம். நீங்கள்தான் தாய் என்பதற்கு மகளின் பாஸ்போர்ட்டில் பெற்றோர் பெயர் உள்ள பக்கத்தின் நகல் போதும். ஆனால் அதில் உங்கள் பெயர் எப்படி எழுதியிருக்கிறது என்று பாருங்கள். நம் பக்கத்தில் வீட்டில் கூப்பிடுகிற பெயர் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் ஒன்று, பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதியது ஒன்று என்று மூன்று இருக்கும்.

அப்புறம் அந்த வீடு. தெருவிலிருந்து அடுத்த தெரு வரை நீளும் வீடு, முகப்புப் படமும் தேக்குத் தூண் படமும் வைத்து அனுப்பட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். படம் வேண்டாம் ஆச்சி. வீடு எத்தனை பெரிது என்பதற்கு அங்கே மதிப்பெண் கிடையாது. அதிலும் உங்கள் வீட்டில் பங்காளிகள் பதினோரு பேர், வளவில் (முற்றத்தைச் சுற்றிய பகுதியில்) உங்கள் புள்ளிக்கு, அதாவது உங்கள் குடும்பத்துக்கு, இரண்டு அறை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். முழு வீடும் உங்களுடையது என்பதுபோல் ஒரு காகிதம் போனால் அதுவே வினையாகும். பங்குக்கான பத்திரம் இருந்தால் வையுங்கள். தமிழில் உள்ள ஆவணம் எதுவானாலும் முழு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும், மொழிபெயர்த்தவர் பெயர், கையெழுத்து, தேதி, தொடர்பு விவரத்தோடு. ஊருக்குத் திரும்பி வருவீர்கள் என்பதற்கு வீட்டைவிடப் பெரிய ஆதாரம், முழங்கால் வலியோடு ஊரில் இருக்கும் உங்கள் கணவர். அவரைப் பற்றி விண்ணப்பத்தில் ஒரு வரிகூட எழுதவில்லை நீங்கள்.

எட்டு மாதம் கிடையாது

இதுதான் உங்களுக்குக் கசப்பான பகுதி. விசிட்டர் விசாவில் ஒருமுறை போனால் அதிகபட்சம் ஆறு மாதம். அங்கே போனபிறகு நீட்டிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மருத்துவச் சிகிச்சை போன்ற ஓரிரண்டு காரணங்களைத் தவிர, ஆறு மாதத்துக்கு மேல் நீட்டிப்பு இல்லை. பேரன் சிரிக்க ஆரம்பித்துவிட்டான் என்பது அந்தப் பட்டியலில் வராது.

"இரண்டு வருட விசா எடுத்தால்?" என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். விசா செல்லும் காலம் வேறு, தங்கும் காலம் வேறு. இரண்டு வருடம், ஐந்து வருடம், பத்து வருடம் என்று விசா உண்டு. எதுவானாலும் ஒவ்வொரு தடவையும் ஆறு மாதத்துக்குள் கிளம்பிவிட வேண்டும். ஆறு மாதம் இருந்து, ஊருக்கு வந்து பத்து நாள் இருந்துவிட்டு மறுபடி போகலாமே என்பது மாப்பிள்ளையின் யோசனை. வருடத்துக்கு இத்தனை நாள்தான் என்று விதியில் எண் போட்டு எழுதவில்லை, அது உண்மை. ஆனால் அடுத்தடுத்து வந்து அங்கேயே குடியிருப்பதுபோல் ஆக்கக்கூடாது என்று எழுதியிருக்கிறது. விமான நிலையத்தில் நிற்கும் அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்து, "அம்மா, பத்து நாளுக்கு முன்னால்தானே போனீர்கள்?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட முடியும். பச்சைப்பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு மகள் வெளியே காத்திருப்பாள். அந்தச் சோதனை வேண்டாம்.

இன்னொரு நுணுக்கம், இதை யாரும் சொல்வதில்லை. ஆறு மாத விசாவில் கணக்கு நீங்கள் தரை இறங்கிய நாளிலிருந்து ஓடாது. விசாவில் போட்டிருக்கும் தொடக்கத் தேதியிலிருந்தே ஓட ஆரம்பித்துவிடும். பிப்ரவரி 1 என்று வாங்கிவிட்டு, நல்ல நாள் பார்த்து 24-ம் தேதி கிளம்பினால், இருபத்து மூன்று நாள் இங்கேயே கரைந்திருக்கும். அதனால் முதலில் நாளைப் பார்த்துவிட்டு, அதை ஒட்டித் தொடக்கத் தேதியைக் கேளுங்கள். பிள்ளை கொஞ்சம் முந்தியும் வரலாம் என்பதால், பிப்ரவரி கடைசி வாரம் போய் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் திரும்புவது என் கணக்கு. பிள்ளைக்கு ஐந்து மாதம் நடந்துகொண்டிருக்கும், முகம் பார்த்துச் சிரித்து முடித்திருக்கும். மீதி நாளுக்குச் சம்பந்தி வீட்டு ஆச்சி இருக்கிறார்களே? நீங்கள் திரும்பியபின் அவர்கள் தனியாக விசா எடுத்துப் போகட்டும். 'நான் இருக்கும்போது அவர்கள் எதற்கு' என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதி அடித்திருப்பதையும் படித்தேன். அது நான் தீர்க்கக்கூடிய வழக்கு இல்லை.

எந்தக் காலத்து விசா வாங்குவது? 2025 ஏப்ரல் கட்டணப்படி ஆறு மாதத்துக்கு 127 பவுண்ட், இரண்டு வருடத்துக்கு 475. இரண்டு வருடம் கேட்டு அவர்கள் ஆறு மாதம்தான் கொடுத்தார்கள் என்றால் மீதிப் பணம் வராது. முன்பு ஒரு மறுப்பு இருப்பதாலும், முதல் வெளிநாட்டுப் பயணம் என்பதாலும், இந்தத் தடவை ஆறு மாதமே கேளுங்கள் என்பேன். சொன்னபடி போய், சொன்ன தேதிக்குத் திரும்பி வந்துவிட்டால், அடுத்த முறை நீண்ட விசா கேட்கக் கையில் நல்ல சாட்சி இருக்கும். மறுத்துவிட்டால் பொதுவாக மேல்முறையீடு கிடையாது. கட்டணமும் போனதுதான், புதிதாகத்தான் போட வேண்டும். அதனால்தான் முதல் விண்ணப்பத்தில் இத்தனை கறார்.

மாப்பிள்ளையின் கடிதத்தை மாற்றி எழுதச் சொல்லுங்கள்

நகல் அனுப்பியிருந்தீர்கள். "என் மனைவி ஜூலையில் வேலைக்குத் திரும்ப வேண்டும். மாமியார் வந்து குழந்தையை முழுநேரமும் கவனித்துக்கொள்வதால் நர்சரிச் செலவு மிச்சமாகும், அதற்காக மாதம் ஒரு தொகை அவருக்குத் தருவோம்" என்று இருக்கிறது. நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறார். படிக்கிற அதிகாரிக்கோ, சம்பளத்துக்கு ஆள் வருகிறது என்றுதான் படும்.

விசிட்டர் வேலை செய்யக்கூடாது, சம்பளம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும். அப்படியானால் பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதும் மகளுக்குப் பத்தியம் பொங்கிப் போடுவதும் குற்றமா என்று பதறாதீர்கள். உறவினர் குறுகிய காலம் வந்து குழந்தையைப் பார்த்துக்கொள்ளலாம், அது ஆயா வேலைக்கு ஆள் வைத்ததுபோல் இருக்கக்கூடாது என்று அவர்களுடைய வழிகாட்டுதலே சொல்கிறது. (நம் ஊரில் தாயைப் பெற்றவளுக்கே ஆயா என்றுதான் பெயர். இதை லண்டனுக்கு எப்படி விளக்குவது!) மாதத் தொகை, நர்சரி மிச்சம் இரண்டையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். வார்த்தையை மாற்றினால் மட்டும் போதாது, பணம் கொடுப்பதையும் விட்டுவிட வேண்டும். ஜூலைக்குப் பிறகு குழந்தைக்கு அவர்கள் நிஜமாகவே என்ன ஏற்பாடு செய்கிறார்கள் என்று ஒரு வரி இருந்தால் இன்னும் நல்லது. "முதல் பிரசவத்தின்போது என் மனைவியோடு இருக்க அவர் தாயார் வருகிறார், எங்கள் வீட்டில் தங்குவார், இன்ன தேதிக்குத் திரும்புவார், செலவை நாங்கள் ஏற்கிறோம்" என்றால் முடிந்தது.

தம்பியின் கல்லுக்கும் இதே அளவுகோல். மாதிரிகளைக் காட்டலாம், விலை பேசலாம். பெட்டியைத் திறந்து அங்கேயே விற்றுக் காசு வாங்கக்கூடாது. விண்ணப்பத்தில் அதையும் ஒரு வரி சொல்லிவிடுங்கள். கண்ணாடி மேல் வார்த்த கல் என்ன கனம் கனக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நாலு வேண்டாம், ஒன்று போதும். மகளின் சிநேகிதிகளுக்குச் சீப்புச்சீடை, மணகோலம் என்று பலகாரம் செய்து விற்கிற யோசனையை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள். சும்மா கொடுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள். பால்கோவாவைப் பெட்டியில் வைக்காதீர்கள். இந்தியாவிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் கொண்டுபோக அனுமதி இல்லை.

பாரிஸ், இன்சூரன்ஸ், சென்னைப் பயணம்

பிரிட்டன் விசாவை வைத்துக்கொண்டு பாரிஸுக்குள் போக முடியாது. அதற்கு, பிரான்ஸ் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா தனியாக வேண்டும். அங்கே போனபிறகு எடுக்கலாம் என்று மகள் நினைக்கிறாள். விசிட்டராக இருப்பவரை, உங்கள் ஊரிலேயே போடுங்கள் என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே ஷெங்கனுக்கு விண்ணப்பிக்கலாம். கட்டணம் 90 யூரோ, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். பிரிட்டன் விசா கைக்கு வந்தபிறகு அதைப் போடுங்கள். மூன்று நாள் பாரிஸுக்கு இவ்வளவு செலவும் அலைச்சலும் தேவையா என்று என்னைக் கேட்டால், இரண்டு மாதப் பிள்ளையை வைத்துக்கொண்டு எங்கும் போக வேண்டாம் என்பேன். ஆனால் அது மகளின் ஆசை.

பிரிட்டன் விசாவுக்குக் காப்பீடு கட்டாயமில்லை. இருந்தாலும் எடுங்கள். உங்களுக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருக்கின்றன. அங்கே அரசு மருத்துவமனையில் விசிட்டரைப் படுக்கவைத்தால், வழக்கமான செலவில் ஒன்றரை மடங்கு வசூலிப்பார்கள். காப்பீட்டுப் படிவத்தில் இரண்டு நோயையும் எழுதுங்கள். மறைத்து எடுத்த பாலிசி தேவைப்படும் நாளில் உதவாது. ஏஜென்ட் கேட்ட டிபி பரிசோதனை ஆறு மாதத்துக்கு மேல் தங்கப் போகிறவர்களுக்கு. உங்களுக்கு வேண்டாம்.

பயணத்துக்கு மூன்று மாதம் முன்பிருந்துதான் பிரிட்டன் விசாவுக்குப் போடலாம், பொதுவாக மூன்று வாரத்தில் முடிவு வரும். பிப்ரவரி கடைசியில் கிளம்புகிறவருக்கு நவம்பர் கடைசி சரியாக இருக்கும். கைரேகைக்கும் போட்டோவுக்கும் நீங்களே சென்னைக்குப் போக வேண்டும். காலைப் பல்லவன் ரயிலில் ஏறிப்போய் அன்றைக்கே ஓடாமல், அப்பாயின்ட்மென்ட்டை மறுநாளைக்கு வையுங்கள். கார்த்திகை மாதம், ஊரில் கல்யாணங்கள் இருக்கும்; போகிற வாரம் விரல் நுனியில் மருதாணி வைத்துக்கொள்ளாதீர்கள், ரேகை பதிவதில் சிக்கல் வரும். மாப்பிள்ளை திருத்திய கடிதத்தையும் உங்கள் வங்கிக் கணக்கையும் அனுப்புவதற்கு முன் எனக்கு ஒரு நகல் போடுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.